கோயில் வாசலில் இரண்டு புள்ளிகள்

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு கப்பித்தேன் ஜீவ்ர் மறுபடியும் ஆற்றில் விழுந்தார்.

நீல அலை ஒன்று எழுந்து அடங்கியது. தொப்பி மட்டும் மிதந்தது. டனிஸ்ரன் கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு விரல்களை நெட்டி முறித்தான்.

"ஆள் முடிஞ்சுது அக்கா. வானொலியில மரண அறிவித்தல் குடுப்பமோ?"

சிவமலர் ரோல்ஸைக் கடித்தபடி திரையைப் பார்த்தார். "கோயில் கதவு?"

"பூட்டு. பதினெட்டு வருசமாப் பூட்டு. எனக்கு மட்டும் திறக்க நான் என்ன ஆயரோ?"

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு சேலைக்கடைக்கு மேலே அவர்களுடைய அலுவலகம். ஒரே அறை. சிவமலரின் துப்பறியும் தொழிலில் பாதி மாப்பிள்ளை விசாரணை. ரொறன்ரோ மாப்பிள்ளை ஏற்கெனவே கட்டியவரா, கட்டியதை மறந்தவரா என்று கண்டு சொல்வது. உதவியாளன் டனிஸ்ரனின் வேலை அவர் சொன்ன இடத்தில் நிற்பது, சொல்லாத நேரத்தில் பேசுவது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுடைய வீடியோ கேம் பைத்தியம் தொழிலுக்கு உதவியிருந்தது.

கப்பித்தேன் ஜீவ்ர், மொன்றியலில் 1989இல் வெளிவந்த ஒரு கேம். கப்பலைத் தொலைத்த ஒரு மாலுமி உறைந்த ஊர்களுக்குள்ளால் நடந்து அதைத் தேடுகிறான். செய்த நிறுவனம் அடுத்த ஆண்டே மூடிவிட்டது. கேம் மட்டும் சாகவில்லை. பழைய கேம்களில் யாரோ ஒளித்துவைத்த அறைகளையும், யாரும் கவனிக்காமல் விட்ட பிழைகளையும் தோண்டித் திரிகிற கூட்டம் ஒன்று உலகமெங்கும் இருக்கிறது. அவர்களுக்கு இதன் நாலாம் கட்டம் தீராத தலையிடி. பனிச்சரிவின் உச்சியில் மணிக்கூண்டும் சிலுவையுமாக ஒரு கோயில் நிற்கிறது. கதவு இருக்கிறது. திறப்பதில்லை.

இப்போது ஒரு புதிய நிறுவனம் அந்த கேமை மீண்டும் கொண்டுவருகிறது. பெட்டியின் முகப்பில் ஆக்கியவர் பெயர் வரும். அந்தப் பெயர்தான் வழக்கு.

பழைய பெட்டியில் இருந்த பெயர் றெக்ஸ். லவாலில் வீடு, கோயில் சபையில் பதவி. ஆனால் இரண்டு நாள் முன்பு அலுவலகப் படியேறி வந்த மாக்கிரட் வேறு கதை சொன்னார். கேமை எழுதியவர் அவருடைய கணவர் எமிலியானுஸ். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, வேலை அனுமதி கிடைக்காமல் இருந்த காலம் அது. அந்த நாளில் பலர் செய்ததைத்தான் அவரும் செய்தார். அனுமதி உள்ள றெக்ஸின் பெயரில், அவருடைய அடையாள இலக்கத்தில் வேலைக்குப் போனார். அலுவலகத்தில் எல்லோரும் அவரை றெக்ஸ் என்றே கூப்பிட்டார்கள். உணவகத்தில் கோப்பை கழுவியவர்களுக்கு இந்த ஏற்பாட்டால் ஒரு கரைச்சலும் வரவில்லை. கழுவிய கோப்பையில் யாரும் பெயர் அச்சடிப்பதில்லை. கேம் பெட்டியில் அடித்துவிட்டார்கள்.

எமிலியானுஸ் போன வருடம் மாரடைப்பில் இறந்துபோனார். இன்று நாலு மணிக்கு றெக்ஸ் வீட்டில் விருந்து. புதிய நிறுவனத்திலிருந்து மடம் கன்யோன் என்ற பெண்மணி வருகிறார், ஆக்கியவர் என்று றெக்ஸிடம் கையெழுத்து வாங்க. மாக்கிரட்டுக்கும் அழைப்பு உண்டு. சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும் அல்லவா.

மாக்கிரட் கேட்டது ஒன்றைத்தான். "எனக்கு ஒண்டும் வேண்டாம் தங்கச்சி. அந்தப் பெட்டியில அவற்ற பேர் வரவேணும். செத்தபிறகாவது அந்தாள் தன்ர பேரில இருக்கட்டும்."

ஆதாரம் என்று அவரிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. கணவர் எப்படிப்பட்டவர் என்று சிவமலர் கேட்டபோது மாக்கிரட் சிரித்துவிட்டார். தேத்தண்ணிக்குச் சீனி போட்டுவிட்டுக் கலக்காமல் குடிப்பாராம். கடற்கரை ஊரில் பிறந்தும் நீந்தத் தெரியாதாம். ஞாயிறு பூசைக்குப் போனால், மன்னாரில் செய்தது போலவே, நடு மாரிப் பனியிலும் சப்பாத்தைப் பின்வாசலில் கழற்றி வைத்துவிட்டு, காலுறை மட்டும் போட்டபடி, வெறும் மேசோடு உள்ளே நடப்பாராம். ஒருமுறை கோயில் காவலாளி யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து, அதை ஏழைகளுக்கான உடுப்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டான். எமிலியானுஸ் பாண் பைகளைக் காலில் கட்டிக்கொண்டு பனிக்குள்ளால் வீடு வந்து சேர்ந்தார். அடுத்த ஞாயிறும் கழற்றினாராம்.

கேமைப் பற்றி எப்போதாவது கேட்டால் ஒரே வசனம்தான் சொல்லுவாராம். "கோயில் கதவில பிழை இல்லை. வாறவையிலதான் பிழை."

"அதுதான் துப்பு," என்றார் சிவமலர், கையைத் துடைத்துக்கொண்டு. "வெளிக்கிடு. கதவைத் தட்டிக் களைச்ச ஒருத்தனைப் பாப்பம்."

*

கோட்-டெ-நெய்ஜில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, ஒரு நிலக்கீழ்க் கடை. பழைய கேம் கசெற்றுகள் கூரைவரை. கடைக்காரன் மத்தியு குதிரைவால் கட்டியிருந்தான். பிழை தேடும் கூட்டத்துக்கு இந்த ஊரில் அவன்தான் தலைவன் என்று டனிஸ்ரன் மெத்ரோவிலேயே சொல்லியிருந்தான். கண்ணில் சூரியன் பட்டுக் கனகாலம் இருக்கும் என்றும் சொல்லியிருந்தான். இரண்டும் சரியாகவே இருந்தன.

சிவமலரின் பிரெஞ்சு ஒரு காலத்தில் கார்டெரி என்கிற காப்பகத்தில் பிள்ளைகளோடு பழகியது. சுருக்கமாக இருக்கும், அதிகாரமாக இருக்கும். மத்தியு நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் ஒப்புவித்தான். கோயில் கதவைக் கோடரியால் வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். விளக்கைக் கொளுத்திப் பார்த்திருக்கிறார்கள். கப்பித்தேனின் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்து பார்த்திருக்கிறார்கள். வாசலில் பாணை வைத்தால் திறக்குமென்று ஒருவன் எழுத, உலகம் முழுக்கப் பாண் வைத்தார்கள். ஒருத்தி கிறிஸ்து பிறந்த நத்தார் இரவன்று மட்டும் திறக்கும் என்றாள். அதுவும் இல்லை.

"கதவுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லையோ?" என்று சிவமலர் கேட்டார்.

அது தெரியாது என்றான் மத்தியு. கசெற்றின் உள்ளே பயன்படாத இடம் கொஞ்சம் இருக்கிறது. அதில் ஏதோ கிடக்கிறது. படமா குப்பையா என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. பிறகு சுவரில் ஒட்டியிருந்த ஒரு பெரிய படத்தைக் காட்டினான். கோயில் வாசலைப் பெருப்பித்து அச்சடித்தது.

அந்த இடத்தில் தெரிந்த பிழைகள் இரண்டு. ஒன்று, வாசற்படி. சரிவு முழுக்கப் பனிக்கட்டி, படியில் மட்டும் இல்லை. வரைந்தவன் பூச மறந்துவிட்டான். மற்றது, படியின் இடப்பக்கம் மண்ணிறத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள். பக்கத்தில் பக்கத்தில். நிறம் சிதறிய இடம். இரண்டும் இணையத்தில் பிழைகளின் பட்டியலில் உண்டு, கண்டுபிடித்தவன் பெயரோடு.

சிவமலர் படத்துக்குக் கிட்டப் போய் நின்றார். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"டனிஸ், நீ சமைச்சா உப்பு எங்க கூடும்?"

"எல்லா இடமும்தான் அக்கா."

"அதுதான் பிழை. பிழை எண்டா சிதறிக் கிடக்கும். ஒரே வாசலில ரெண்டு பிழை பக்கத்தில பக்கத்தில இருந்தா அது பிழை இல்லை. ஆரோ வச்சது."

டனிஸ்ரன் புள்ளிகளைப் பார்த்தான். அவனுக்கு அவை புள்ளிகளாகவே இருந்தன. சிவமலர் மத்தியுவின் பக்கம் திரும்பி, வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வி கேட்டார். கடைசியாக எப்போது கோயிலுக்குப் போனாய்?

மத்தியு சிரித்தான். சகோதரியின் கலியாணத்துக்கு. பெப்ரவரியில். கோட்டு இரவல், கழுத்துப்பட்டி இரவல், சொந்தமாக இருந்தது காலில் போட்டிருந்த பனிச்சப்பாத்து மட்டும்தான். தாய் படங்களில் அதை வெட்டிவிட்டாளாம்.

சிவமலரும் சிரித்தார். நன்றி சொன்னார். கடையை விட்டு வெளியே வரும்வரை அந்தச் சிரிப்பு போகவில்லை. அப்படிச் சிரித்தால் வழக்கு முடிந்தது என்று அர்த்தம். டனிஸ்ரனுக்கு அது தெரியும். அதனால்தான் கோபம் வந்தது.

*

ஜோன்-தலோன் நிலையத்தில் மாறி, மெத்ரோவின் செம்மஞ்சள் கோட்டில் லவாலுக்கு ஏறினார்கள். அந்தப் பாதை திறந்த முதல் மாரி அது. ரயில் பெட்டியின் தரை முழுக்கப் பனி உருகிய தண்ணி. டனிஸ்ரன் தன் ஊகங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். புள்ளிகள் இரண்டும் மணி அடிக்கும் கயிற்றின் நுனி. இல்லாவிட்டால் மறைகுறி. இல்லாவிட்டால் எலி.

சிவமலர் எதற்கும் தலையாட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். சரிவில் கப்பித்தேன் வழுக்காமல் ஏறுவது எதனால்?

"பனிச்சப்பாத்து அக்கா. மூண்டாம் கட்டத்தில கரடியிட்டப் பறிக்கவேணும். அதைக் கழட்டினா அடுத்த நிமிசம் ஆத்துக்குள்ள. அதை மட்டும் ஒரு விசரனும் கழட்டமாட்டான்."

"ஓம்," என்றார் சிவமலர். "கையுறையைப் போடு. விரல் சூடா இருக்கவேணும். உனக்கு வேலை இருக்கு."

*

றெக்ஸின் வீட்டு வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. மேல்கோட்டுகளை அவரே வாங்கி மாட்டினார். அகன்ற உடம்பு, மெதுவான குரல். தான் சாப்பிடுவதற்கு முன் மற்றவர்களின் கோப்பையைப் பார்க்கிற மனிதர். டனிஸ்ரன் ஒரு கள்ளனை எதிர்பார்த்து வந்திருந்தான். கள்ளன் அவனுக்கு மூன்றாவது வடையை வைத்தார்.

மாக்கிரட் ஏற்கெனவே வந்து சன்னலோரக் கதிரையில் இருந்தார். கோப்பையில் எதையும் தொடவில்லை. மடம் கன்யோன் சோபாவில், மேசுக் காலோடு, மடியில் கோப்போடு இருந்தார். பெரிய ரீவியில் பழைய கேம் பெட்டி பொருத்தியிருந்தது. விருந்தாளிகளுக்கு ஒரு காட்சி. தொப்பி போட்ட கப்பித்தேன் முதல் திரையில் நின்று குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சிவமலர் தேத்தண்ணி எடுக்கிற சாட்டில் குசினிக்குள் போனார். றெக்ஸ் பின்னால் வந்தார். மாக்கிரட் யாரிடம் போனார் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. ஊர் அப்படி. அவர் சத்தம் போடவில்லை. அந்த நாளில் தன் பெயரைக் கொடுத்தது பிடிபட்டிருந்தால் தன்னையும் பெட்டியோடு ஊருக்குத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்றார். எமிலியானுஸ் பேரில்லாமல் உழைத்தான், நான் பயத்தோடு தூங்கினேன் என்றார்.

"அவன் எழுதினது உண்மைதான் தங்கச்சி. நான் இல்லையெண்டு சொல்லேல்லை, உங்களுக்கு. ஆனா என்ர பேர் இல்லாட்டி அந்தக் கேமே இல்லை. அதுக்கு ஒரு மரியாதை இருக்கோ இல்லையோ?"

"இருக்கு," என்றார் சிவமலர். "மடத்துக்கும் இதையே சொல்லுங்கோவன்."

றெக்ஸ் சீனிப் போத்தலை மூடினார். வடைத் தட்டை எடுத்துக்கொண்டு விருந்தாளிகளிடம் போனார்.

சமையலறை வாசலில் காதை நீட்டி நின்ற டனிஸ்ரனுக்குக் கணக்கு விளங்கியது. குசினிக்குள் சொன்ன உண்மை குசினியோடு போச்சு. வெளியே அவர் மறுத்தால் மாக்கிரட்டின் சொல்லுக்கு எதிரில் பெட்டியில் அச்சடித்த பெயர். எது வெல்லும் என்று கேட்கவும் தேவையில்லை.

சிவமலர் தேத்தண்ணியோடு வந்து மடம் கன்யோனுக்குப் பக்கத்தில் இருந்தார். கேம் நல்லாயிருக்கிறது என்று பிரெஞ்சில் புகழ்ந்தார். தன் உதவியாளனுக்கு விளையாட ஆசை, அந்தக் கோயிலைப் பற்றித்தான் ஓயாமல் கதைக்கிறான் என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி றெக்ஸிடம் கேட்டார். அந்தக் கதவு எப்படித் திறக்கும்?

மடம் கன்யோனும் நிமிர்ந்தார். தங்கள் ஆட்களுக்கும் அதே கேள்விதான் என்றார்.

றெக்ஸ் ஒரு கணம் ரீவியைப் பார்த்தார். சும்மா வரைந்தது என்றார். வெறும் படம். கதவும் இல்லை, உள்ளேயும் ஒன்றும் இல்லை. நல்ல பிரெஞ்சில், தெளிவாகச் சொன்னார். மடம் கன்யோன் தலையசைத்துப் பேனையின் மூடியைக் கழற்றினார்.

"விளையாடு," என்றார் சிவமலர்.

டனிஸ்ரன் விளையாடினான். கரடியை ஏமாற்றினான். சப்பாத்தைப் பறித்தான். சரிவில் ஒவ்வொரு அடியாக ஏறினான். உச்சிக்கு வந்து, கோயில் வாசற்படியில் கப்பித்தேனை நிறுத்தினான். கதவு பூட்டு. படியின் பக்கத்தில் மண்ணிறப் புள்ளிகள் இரண்டும், ஆயிரம் பேர் கண்டு எழுதிய அதே இடத்தில்.

"கழட்டு."

"எதை அக்கா? தொப்பியை எல்லாரும்..."

"சப்பாத்தை."

"விழுந்திடும் அக்கா."

"சரிவில கழட்டினாத்தானே விழும். படியில பனி இல்லை. ஏன் இல்லையெண்டு நினைக்கிறாய்? நிண்டு கழட்டத்தான். கோயிலுக்குள்ள ஆரடா சப்பாத்தோட போறது?"

டனிஸ்ரன் தன் வாழ்நாளில் எல்லாப் பூசைக்கும் சப்பாத்தோடுதான் போயிருந்தான். மத்தியுவும் அப்படித்தான். கேமில் கோயிலைத் தேடிவந்த முழு உலகமும் அப்படித்தான். அவன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பொத்தானை அமத்தினான்.

கப்பித்தேன் விழவில்லை. குனிந்தார். சப்பாத்துச் சோடி அவர் காலைவிட்டு இறங்கி, படியோரத்தில், மண்ணிறப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் போய் ஒழுங்காக நின்றது. அப்போதுதான் டனிஸ்ரனுக்கு அந்தப் புள்ளிகள் தெரிந்தன. நிறம் சிதறியது அல்ல. ஒரு சோடி செருப்பு. யாரோ முன்னமே உள்ளே போயிருக்கிறார்.

மணி அடித்தது. அந்தக் கேமில் அதுவரை யாரும் கேட்டிராத மணி. கதவு திறந்தது.

உள்ளே பனி இல்லை. மஞ்சள் வெளிச்சம். நடுவில் வெறுங்காலோடு ஒரு சின்ன மனிதன் முழந்தாளில் இருந்தான். அவனுக்கு மேலே, சுவர் முழுக்கத் தமிழ் எழுத்து. அந்தக் காலக் கேமில் தமிழ் எழுத்துரு கிடையாது. யாரோ ஒவ்வொரு புள்ளியாகக் கையால் கட்டியிருந்தார். அடியில் ஒரு வரி மட்டும் எல்லோருக்கும் விளங்கும் எழுத்தில். எமிலியானுஸ், 1989.

மடம் கன்யோன் அந்த வரியை வாய்க்குள் வாசித்தார். கைகுலுக்கும்போது எமிலியானுஸின் மனைவி என்று சொன்ன மாக்கிரட்டைப் பார்த்தார். பேனையை மூடிக் கோப்புக்குள் வைத்தார்.

டனிஸ்ரன் மேலே இருந்ததை வாசித்தான்.

றெக்ஸ் அண்ணைக்கு. எனக்குப் பேர் இல்லாத நாட்டில் உங்கட பேரைத் தந்தீங்கள். திருப்பித் தர என்னட்டை இருக்கிறது இதுதான். இந்தக் கோயில் உங்களுக்கு.

அவனிடம் ஒரு பகிடி இருந்தது. அதை விழுங்கினான்.

றெக்ஸ் ரீவிக்குக் கிட்டப் போய் நின்றார். கையில் வடைத் தட்டு. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார். மஞ்சள் வெளிச்சம் அவருடைய சேட்டில் விழுந்தது. அந்தக் கசெற் பதினெட்டு வருடம் அவர் வீட்டு அலுமாரியில் இருந்தது. எமிலியானுஸ் தன் கையால் கொண்டுவந்து கொடுத்தது.

மடம் கன்யோன் எழுந்து அவருக்குப் பக்கத்தில் வந்தார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். டனிஸ்ரன் வாயைத் திறந்தான். சிவமலர் அவன் தோளில் கையை வைத்தார்.

சன்னலோரக் கதிரையிலிருந்து மாக்கிரட்டின் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை.

"நீங்களே சொல்லுங்கோ அண்ணை. உங்களுக்குத்தானே எழுதியிருக்கிறார்."